சலிக்கும் அறையின் அலமாரி

மலைமேலுள்ள பிரிஞ்சாங் என்ற ஊரில் என் மருமகன் பூ வியாபாரம் செய்கிறார். கடையில் இருக்கும் பழைய கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. சென்ற மாதம் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இணையத்தை நம்ப முடியாது. அதனால் ஈப்போவிலிருக்கும் நண்பரிடம் சொல்லி, இயங்குதளம் முழுவதையும் அடக்கிய நகலை ஒரு வட்டில் எழுதி வரவழைத்திருந்தார். வட்டைப் போட்டதும் வேலையைத் தொடங்கிவிடுவார் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. கணினி முதலில் அந்த நகலை முழுக்கப் படித்து, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்றைத் திரையில் காட்டியது. நகல் பிழையின்றி வந்ததா என்று அறிய, நண்பர் அனுப்பியிருந்த வரிசையோடு அதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு கடைக் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, எடுத்ததைத் திறந்து பார்த்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் திறந்து பார்த்தார்.

"இப்பத்தானே பார்த்தீங்க?" என்றேன்.

"அது அப்ப பார்த்தது மாமா. அழிக்கிறதுக்கு முன்னாடி பார்க்கிறதுதான் பார்க்கிறது. அழிச்ச பெறகு அழுது என்ன பண்றது லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கடைக்கு வெளியே வந்து, பூக்கட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்த லோரியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

தோட்ட அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை எழுத வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தள்ளிப்போட்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் மலையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். தட்டச்சு, செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவு, சாமான் அறை என்று எல்லாவற்றையும் முதல் இரண்டு வருடங்களில் கற்றுக்கொண்டேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிரில் விரல் விறைத்துப்போய்த் தட்டச்சுப் பொறியில் தவறான எழுத்தை அடிப்பேன். அதுதான் நினைவிருக்கிறது.

முதல் வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். விடியற்காலைப் பெயர் கூப்பிடும்போது 'பாக்கியம்' என்று வாசித்தேன். பதில் வரவில்லை. மறுபடி வாசித்தேன். பெண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. கூடையைத் தோளில் மாட்டியபடி ஒருவர் முன்னால் வந்தார்.

"எந்தப் பாக்கியம்ங்க கிராணி ஐயா? இந்த லயத்துல மூணு பாக்கியம். ஒண்ணு தூங்குது. ஒண்ணு புள்ளப் பெத்துருக்கு. நான்தான் நிக்கிறேன். எனக்கு மட்டும் பேரு போட்டுக்குங்க, மத்த ரெண்டும் எப்படியும் திட்டும்."

அந்தப் பாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்போதே அவர் பல வருடம் கொழுந்து பறித்தவர் என்பது அவருடைய கைகளைப் பார்த்தாலே தெரியும். அன்று நான் அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். கடைசிவரை அப்படியே அழைத்தேன். எழுத்திலாவது மாற்றிக்கொள்கிறேன்.

என் மேலதிகாரி பெரிய கிராணி கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார். கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அலுவலகத்துக்கு வேட்டி கட்டி வந்த ஒரே மனிதர் அவர்தான். ஒவ்வொரு கடிதத்தையும் கையெழுத்திடுமுன் மூன்று முறை வாசிப்பார். முதல் முறை எழுத்துப் பிழைக்காக, இரண்டாம் முறை எண்களுக்காக. மூன்றாம் முறை நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, அந்தக் கடிதம் தனக்கே வந்ததாக எண்ணி வாசிப்பார். "இதை வாசிக்கிற ஆளுக்கு நெஞ்சு பதறுமெண்டால் இன்னொரு மாதிரி எழுதும்" என்பார். அவரிடம் நான் கற்ற நல்ல பழக்கம் அது ஒன்றுதான். அதை நானும் காப்பாற்றவில்லை, அவரும் ஒருநாள் கைவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்துக்குக் கணினி வந்தது. என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து ஒரு வருடம் உட்கார்ந்து, செக்ரோல் புத்தகங்களில் இருந்ததையெல்லாம் கணினியில் ஏற்றினேன். யார் எப்போது வேலைக்கு வந்தார், யாருடைய மனைவி, எந்த லயத்து வரிசை வீடு எல்லாம் ஏறின. ஏற்றி முடிந்ததும், பூஞ்சணம் பிடித்த பழைய புத்தகங்களை அழித்துவிடும்படி தோட்ட மேலாளரான துரை உத்தரவிட்டார். அவை தேயிலை உலர்த்தும் அடுப்புக்குப் போயின. நானே கூட நின்று போடச் சொன்னேன். இடம் காலியாயிற்று என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

கணினிக்கு மலையில் ஒரே எதிரி ஈரம். காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து மேசைமேல் உட்காரும். அலுவலக இழுப்பறையில் வைத்த, தகவல் பதியும் பிளாப்பி டிஸ்குகளின் உறைக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். மலைமேல் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறை. உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஈரம் பட்டால் தேயிலை கெட்டுவிடும் என்பதால் கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கம். அங்கே சுவரோரம் ஒரு மர அலமாரி இருந்தது. தேயிலை மாதிரிகளை அனுப்பும் தட்டையான மரப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே ஈயத்தாள் விரித்து, டிஸ்குகளை அதில் அடுக்கி அந்த அலமாரியில் வைத்தேன். "கெட்டிக்காரன்" என்று பெரிய கிராணி பாராட்டினார்.

பாக்கியம் அப்போது கொழுந்து பறிப்பதை விட்டிருந்தார். சரிவில் விழுந்து முழங்கால் போனதால் சலிக்கும் அறையில் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்திருந்தோம். அந்தப் பெட்டியில் இருந்தது தேயிலை மாதிரி என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் சொல்லவில்லை.

அவருக்கு அந்தக் காலத்தில் ஒரே நினைப்பு, நீல அடையாள அட்டை. அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. முன்பு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாத பலரைப்போல அவருடைய அப்பா அம்மாவும் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் கல்யாணமானவர், கணவர் நீல அட்டைக்காரர். அதனால் தங்கிவிட்டார். போனவர்களோடு அவருடைய தங்கை ரஞ்சிதமும் போனார். அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் அந்தத் தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தவர் பாக்கியம்தான். நீல அட்டை இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கலாம், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ரஞ்சிதத்தின் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா வராம தாலி ஏறாதுன்னு எழுதிருக்கு பாருங்க. இடுப்புல இருந்து எறங்காத களுத, இப்ப எனக்கு ஆர்டர் போடுது" என்று கடிதத்தை எடுத்துவந்து காட்டுவார்.

குடியுரிமைக்கு மலாய் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கண்ணில் பட்ட எல்லாரிடமும் மலாய் பேசிப் பழகினார். தேயிலை இயந்திரத்திடம்கூடப் பேசுகிறார் என்று கேலி செய்வார்கள்.

இந்த நிலையில் கணினியின் இயங்குதளத்தைப் புதிதாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிய பதிப்பு கணினிக்குள்ளிருக்கும் வட்டை வேறு மாதிரிப் பிரிக்கும். ஆகவே இருப்பதை முழுக்க அழித்துத்தான் ஏற்ற முடியும். தொலைபேசி வழியாக எதுவும் அனுப்பிப் பெறும் வசதி எங்களுக்கு இல்லை. புதிய இயங்குதளம் ஒரு கட்டு டிஸ்குகளாக மலையேறி வரும். கூடவே ஈப்போவிலிருந்து லிம் என்ற டெக்னீஷியன் வருவார். அதற்குமுன் எங்கள் தகவல்களை நான் நகலெடுத்து வைக்க வேண்டும். எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக எடுத்தேன். எடுத்த அன்றே ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கவைத்துச் சரிபார்த்தேன். அதில் குறையே இல்லை. பிறகு இரண்டு கட்டுகளையும் அதே பெட்டியில், அதே அலமாரியில் வைத்தேன். இரண்டையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் மலையில் காய்ந்த இடம் இரண்டு இல்லையே.

மலைக்கு வரும் தாப்பா சாலையில் மண் சரிந்து லிம்மின் வருகை தள்ளிப்போயிற்று. சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் வந்தார். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"துவான், சுடா மாக்கான்?" ஐயா, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்.

"பெலும் லா, காக்கா." இன்னும் இல்லை அக்கா என்றார் லிம், சிரித்துக்கொண்டு.

"பாத்தீங்களா கிராணி ஐயா? தவுக்கே மொதலாளியே என் மலாய்க்குப் பதில் சொல்லிட்டாரு. ஆபீசரு சொல்லாமலா போயிருவாரு?"

லிம் பிற்பகல் மழைக்குமுன் மலையிறங்க வேண்டும். மறுபடியும் மண் சரியலாம் என்று பேச்சு இருந்தது. நான் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அவர் விசைப்பலகையில் கைவைக்குமுன் என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"செமுவா சுடா செக்?" எல்லாம் சரிபார்த்தாயிற்றா?

மறுபடி படிக்கவைத்தால் பாதி நாள் போய்விடும். நான்தான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே.

"சுடா" என்றேன்.

அவர் அழித்தார். பிறகு புதிய இயங்குதளத்தின் டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு டிஸ்கைப் படித்து முடித்ததும் அடுத்ததைக் கேட்கும். எடுத்துக் கொடுப்பேன். கோயில் பூசையில் கூடமாட நிற்பவனைப்போல நின்றேன். எல்லாம் ஒழுங்காக முடிந்து புதிய திரை வந்தது. பெரிய கிராணிகூட எழுந்துவந்து பார்த்தார். அடுத்ததாக எங்கள் தகவல் டிஸ்குகளில் முதலாவதைப் போட்டோம். இயந்திரம் கரகரவென்று உறுமி, படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. அடுத்த கட்டும் அப்படியே.

லிம் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். அழைத்துப் போனேன். அன்றைய சலிப்பு வேலை முடிந்திருந்தது. அலமாரியைத் திறந்ததும், காலையில் பெட்டி இருந்த இடத்தில் மடித்த துணி ஒன்றும் அதன்மேல் ஒரு காந்தத் தகடும் இருந்தன.

தேயிலை கடைசியாகச் சலித்துப் பெட்டிக்குப் போகும் வழியில் அந்தத் தகடு தொங்கும். இயந்திரங்களிலிருந்து உதிரும் ஆணி, இரும்புத் துகள் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து எடுத்துவைக்க வேண்டும். டிஸ்கில் பதிந்ததைக் காந்தம் அழித்துவிடும். டிஸ்கு உறையில் காந்தம் அருகில் கூடாது என்று படமே போட்டிருந்தது. அதைத் தமிழில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியவனே நான். அந்தத் தகட்டை வாங்கிச் சாமான் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவனும் நான். தினமும் பார்த்த பொருள், அதனால் கண்ணில் படவே இல்லை.

லிம் தன் சாவிக்கொத்தைத் தகட்டின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

பின்னால் பாக்கியம் வந்து நின்றார். "என்னங்க ஐயா, அலமாரியில எலியா?"

"இதை இங்கேயா வைப்பே?"

"ஆமாங்க. சாம்பிள் பொட்டி தட்டையா இருந்துச்சு, அதுமேல வச்சா ஆடாம நிக்கும். பொட்டி கீறிறக் கூடாதுன்னு துணி போட்டுத்தான் தெனம் வைப்பேன். ஏங்க, தப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

அலுவலகத்துக்குத் திரும்பினோம். கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும். போன மாசச் சம்பளப் பட்டியல் அச்சில கிடக்குது. பேரெல்லாம் அதில இருக்கு. திரும்ப ஏத்தலாம்."

"வேலைக்கு வந்த தேதி அதுல இல்லையே?"

"வேற தாளில கிடைச்சால் போடும். கிடைக்காத ஆக்களுக்கு இந்த வருசத் தொடக்கத்தைப் போடும். சம்பளத்துக்கு அது தேவையில்லை. பிறகு ஆறுதலாத் திருத்துவம்." சற்று நிறுத்திச் சொன்னார்: "துரை கேட்டால் அந்தப் பொம்பிளையின்ரை வேலைதான் முதல் போகும். அதை நினைச்சுப் பாரும்."

நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. பாக்கியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். தேதி இல்லாதவர்களுக்கெல்லாம் ஒரே தேதியை அடித்தேன். அவர்களில் பாக்கியமும் ஒருவர். திருத்தும் நாள் வரவே இல்லை. பிழையோடும் இயந்திரம் ஒழுங்காகவே ஓடியது.

ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்துப் பாக்கியத்தின் விண்ணப்பம் மேலே போயிற்று. மலாய்ப் பேச்சில் தேறிவிட்டார் என்று தொழிற்சாலை முழுக்கச் சேவு பொட்டலம் கொடுத்தார். அதன்பின் பதிவு அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. இவர் எப்போதிலிருந்து உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தார்கள். நாட்டில் நெடுங்காலம் வசித்தார் என்பதற்கு அதுதான் சான்று.

நான் கணினியைத் திறந்தேன். கனகசபையிடம் போய் நின்றேன்.

"ஐயா, நான் சேர்ந்த முதல் வாரமே இவங்க வரிசையில நின்னாங்க. எனக்கு நேரடியாத் தெரியும். அதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாமா?"

"எழுதலாம். ஏன் உங்கட பதிவில அது இல்லையெண்டு திருப்பிக் கேப்பினம். என்ன சொல்லுவீர்?"

பதிவு அலுவலகக் கடிதத்தை மடித்தேன்.

"பதிவில இருக்கிறதை மட்டும் எழுதும்."

'எங்கள் பதிவின்படி' என்று தொடங்கி, நான் போட்ட அந்தப் பொய்த் தேதியை எழுதினேன். அவர் எழுத்துப் பிழைக்காக ஒருமுறை வாசித்தார். எண்களுக்காக ஒருமுறை வாசித்தார். நாற்காலி பின்னால் நகரும் என்று காத்திருந்தேன். அது நகரவில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்.

பதிவு அலுவலகத்துக்குப் போன பாக்கியம் சாயங்காலம் திரும்பி வந்தார். புடவை மாற்றாமல் நேரே அலுவலக வாசலுக்கு வந்தார்.

"ஐயா, நான் பொய் எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க. எஸ்டேட் லெட்டர்ல வேற மாதிரி இருக்காம். நான் இங்க வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சாம். நான் எப்ப வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

வேலை முடிந்து போகிற பெண்கள் சிலர் நின்று பார்த்தார்கள். உள்ளே கனகசபை பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு, பாக்கியம்" என்றேன்.

அவர் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். மூன்று பாக்கியம் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். அதற்குத்தான் காத்திருந்தேன். அவரோ, "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்பாங்க. எனக்குத்தான் வயசாயிப்போச்சு போல" என்றார். அதற்குப் பிறகு பல நாள், லயத்தில் யாரைப் பார்த்தாலும் "நான் எப்பங்க வேலைக்கு வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று, கல்யாணம் பெரியம்மா இல்லாமல் நடந்தது. சில வருடங்களில் ரஞ்சிதமும் நோயில் இறந்துபோனார். தந்தி தோட்ட அலுவலகத்துக்குத்தான் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேறொருவரை அனுப்பினேன்.

கனகசபை ஓய்வுபெற்று ஊரைப் பார்க்கப் போகாமலே காலமானார். நானும் ஓய்வுபெற்றுக் கம்போங் ராஜா என்ற ஊரில் குடியேறினேன். நெடுங்காலம் கழித்து ஒருநாள் பாக்கியம் மகளோடு என் வீடு தேடி வந்தார். நீல அட்டை கிடைத்திருந்தது. மறுபடியும் எழுதிப்போட்டு, வேறு சாட்சிகளை வைத்து, மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். எனக்குக் காட்ட வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார்.

"இப்பக் குடுத்துருக்காங்க. பாஸ்போர்ட்டும் எடுக்கலாமாம். எடுத்து யாரைப் போய்ப் பாக்கிறது, சொல்லுங்க" என்று சிரித்தார்.

மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவரிடம் சொன்னேன். கணினியில் இருந்தது நான் போட்ட தேதி என்றும், உண்மைத் தேதியை நான்தான் தொலைத்தேன் என்றும், தெரிந்தே அந்தக் கடிதத்தை எழுதினேன் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அட்டையைப் பையில் வைத்து, பையை மூடி, மடியில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"அப்ப என் ஞாபகம் சரிதான்" என்றார். பிறகு, "தங்கச்சிகிட்டயும் எனக்கு மறந்துபோச்சுன்னே எழுதிட்டேன்" என்றார்.

பாக்கியம் சென்ற ஆண்டு இறந்தார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. அவர் என் வீட்டுக்கு வந்த அன்று ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பையை மடியில் அணைத்தபடி அவராகவே கேட்டார்.

"அந்த டிஸ்க்கெல்லாம் எப்படிங்க கெட்டுப்போச்சு?"

"ஈரத்துல" என்றேன். "மலை ஈரம் ஒனக்குத் தெரியாதா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆமாம், ஈரம் பொல்லாதது என்றார். மகள் வந்து கூப்பிட்டாள். எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா ஐயா? சலிக்கிற ரூம்புல அந்த அலமாரி இருந்துச்சே, எப்பவும் காஞ்சு கெடக்கும். அதுல வச்சிருந்தா நான் பத்தரமாப் பாத்துருப்பேனே."